ஓடாத 240டியா, ஓடுகிற 240டியா: பழைய மெர்சிடிஸைப் புதுப்பிக்க வாங்குவது பற்றி

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பு வீட்டின் ஷெட்டில் 1983-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 240டி ஒன்று எட்டு ஆண்டுகளாக நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர் 1980-களின் நடுவில் கூடவே கொண்டுவந்த கார் அது. அவர் இப்போது இல்லை. மகன்கள் மூன்றரை லட்சம் கேட்கிறார்கள், இன்ஜின் ஓடவில்லை. சென்னையில் ஒரு தரகரிடம் அதே மாடல், டெல்லிப் பதிவெண்ணோடு, புதிதாகப் பெயின்ட் அடித்து, சாவியைத் திருப்பியதும் ஓடும் நிலையில் ஐந்து லட்சத்துக்கு இருக்கிறது. ஒன்றரை லட்சம் கூடப் போனாலும் ஓடுகிற வண்டியை வாங்குவதுதானே சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரில் பார்க்காமல் எந்தக் காரையும் வாங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் நீங்கள் தந்த விவரங்களை மட்டும் வைத்து ஒரு பக்கம் சாயச் சொன்னால், நான் பொள்ளாச்சிக் காரின் பக்கம்தான் சாய்வேன். பழைய ஐரோப்பியக் கார்களைப் புதுப்பிக்க வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்குகிறார்கள். பார்க்க வேண்டிய வரிசையோ முதலில் ஆவணம், அடுத்து காரின் உடலான தகடு, அதன்பின் குரோமும் உள்ளலங்காரமும், கடைசியில் இன்ஜின் என்பது. இந்த நான்கில், பணம் கொடுத்தால் உறுதியாகச் சரியாகக்கூடியது இன்ஜின் ஒன்றுதான். மற்ற மூன்றும் கெட்டிருந்தால் பணமும் போகும், காரும் பாதியில் நிற்கும்.

உங்கள் கார் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதிலிருந்தே இதை விளக்கலாம். டபிள்யூ123 என்று ஆர்வலர்கள் அழைக்கும் இந்த உருவம் 1976-இல் வெளிவந்து, செடான் 1985 வரையிலும் வேகன் 1986 வரையிலும் தயாரானது. எல்லா வகைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள். நம் ஊரில் இதைச் செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டுமே பார்த்திருக்கிறோம், ஜெர்மனியிலோ இதுதான் சாதாரண டாக்சி. டாக்சிக்காரர்கள் விரும்பி வாங்கியது டீசல் வகைகளை. இதற்கு முந்தைய வரிசையைச் சேர்ந்த 1976-ஆம் ஆண்டு 240டி ஒன்றை ஒரு கிரேக்க டாக்சி ஓட்டுநர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ் நிறுவனத்திடமே ஒப்படைத்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இன்ஜினின் உறுதியைப் புகழ்வார்கள். உண்மையில் அந்தக் காரில் இன்ஜின் பலமுறை கழற்றி மாற்றப்பட்டது. அத்தனை தூரத்தையும் கடந்தது அதன் உடல்.

இனி இன்ஜினுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தயக்கமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 240டியில் இருப்பது ஓஎம்616 என்னும் 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். உங்கள் காரின் காலத்தில் அதன் திறன் 72 குதிரைத்திறன். இந்த இன்ஜினை உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரித்தது இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் பஜாஜ் டெம்போ. டெம்போ டிராக்ஸிலும் டிராவலரிலும் கல்யாண வீட்டுக்கும் சபரிமலைக்கும் நாம் போய்வந்தது இந்தக் குடும்பத்து இன்ஜினில்தான். ஆகவே பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கெட் போன்ற உள்பொருள்களுக்கு நீங்கள் ஜெர்மனிக்கு எழுத வேண்டியதில்லை. கோவையில் டிராவலர் இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் எவரும் இதைப் பார்த்து மிரள மாட்டார். எல்லாப் பொருளும் அப்படியே பொருந்திவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. கழற்றிய பழைய பொருளைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துத்தான் புதியதை வாங்க வேண்டும். இதே வசதி இன்னொரு கெடுதலுக்கும் வழி வைத்திருக்கிறது. பழுதான மூல இன்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு டெம்போ இன்ஜினை முழுதாக ஏற்றிய மெர்சிடிஸ்கள் பல ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்னை வண்டி அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

தகடுதான் இந்தக் காரியத்தின் மையம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 240டிக்குத் தனியாகச் சேஸி கிடையாது. தரைத் தகடு, பக்கவாட்டுச் சட்டம், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்ட ஒரே கூடு அது. லாரியிலோ பழைய ஜீப்பிலோ பாடி அழுகினாலும் கீழே சட்டம் தாங்கும். இதில் பாடி அழுகினால் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. துரு பிடிக்கும் இடங்களும் ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் ஒன்றேதான். முதலாவது, ஜாக்கி வைக்கும் நான்கு துளைகள். காருக்கு அடியில் படுத்து, அந்தத் துளையைச் சுற்றியுள்ள தகட்டை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் உள்ளே தகடு மாவாகியிருக்கிறது. அடுத்தது முன்கண்ணாடியின் கீழ் மூலைகள். ரப்பர் பீடிங்குக்கு அடியில் துரு ஊர்ந்து, வெளியே பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருப்பது மட்டுமே தெரியும். கண்ணாடியை எடுத்தால்தான் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

முன்கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே செல்லும் கிராதி இருக்கிறது. மரத்தடியில் நின்ற கார்களில் இலையும் பூவும் அதற்குள் விழுந்து மக்கி, மழைநீர் வடியும் துளையை அடைத்துவிடும். பிறகு அந்த நீர் காருக்குள் இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு மெத்தையில் மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கும். மேலே விரிப்பு உலர்ந்தே இருக்கும் என்பதால் உரிமையாளருக்கே தெரியாது. தோப்புக் கார் என்பதால் நீங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் விரிப்பைத் தூக்கி, கையை அடியில் விட்டுத் தகட்டைத் தடவுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, அதன் இருபுறமும் உள்ள பள்ளங்கள், பேட்டரியின் அடித்தட்டு, பின்சக்கர வளைவு, கதவுகளின் கீழ் விளிம்பு ஆகியவற்றை ஒரு டார்ச்சோடு பார்த்தால் போதும். சன்ரூஃப் உள்ள காராக இருந்தால் அதன் வடிகுழாய்கள் அடைபடவில்லையா என்பதற்குக் கூரைத் துணியின் கறையே சாட்சி சொல்லும்.

மட்கார்டில் ஓட்டை என்றால் பயப்பட வேண்டாம். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றி மாற்றலாம். பின்புற ஆக்சிலைத் தாங்கும் சப்ஃப்ரேம் பாடியோடு சேருமிடம், பக்கவாட்டுச் சட்டத்தின் உட்புறம், முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று அழுகியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே வெல்டு வைப்பதற்கு அச்சில் பொருத்தி அளந்து செய்யும் வசதி வேண்டும். அது இல்லாமல் கண் அளவில் தகடு ஒட்டினால் கார் பிறகு நேர்கோட்டில் ஓடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு இதே வரிசையைச் சேர்ந்த ஒரு பெட்ரோல் காரை, சீட்டின் அழகிலும் இன்ஜினின் அமைதியிலும் மயங்கி, அரை மணி நேரத்தில் விலை பேசி முடித்தேன். ஊருக்கு வந்து விரிப்பைக் கழற்றியபோது, ஓட்டுநரின் காலடியில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஃபைபர் துணியும் பசையும் வைத்து, மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தது. அந்தப் பசைக்குக் கீழே சாலை தெரிந்தது. இன்ஜினுக்கு நான் செலவழித்ததைப்போல ஐந்து மடங்கு அந்தத் தரைக்குச் செலவானது. விற்றவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் நான் கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

ஆகவே சென்னை வண்டியின் புதிய பெயின்ட்டை நான் நிறையாக எண்ணவில்லை. விற்பதற்காக அடிக்கப்பட்ட பெயின்ட், எதையாவது மறைப்பதற்காகவே அடிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டு தேடுவது நல்லது. ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் பக்கவாட்டிலும் ஒட்டிப் பாருங்கள். தகட்டில் ஒட்டிக்கொள்ளும், பள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி தடித்த இடத்தில் நழுவும். அது மட்டுமல்லாமல் சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார்கள் எத்தனையோ கைமாறிவிட்டன. சீட்டின் அடித் தண்டவாளம், சீட்பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் கடைசி முழம், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள வயரிங் கட்டு ஆகியவற்றில் வண்டல் படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் வாழ்ந்த காருக்கும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்துக் காருக்கும் துருவில் தெரியும் வேறுபாடு, பழகிய கண்ணுக்கு அடியில் ஒரு முறை எட்டிப் பார்த்தாலே புலப்படும்.

காணாமல்போன சிறு பொருள்களைப் பற்றி விற்பவர்கள் எப்போதும் இலேசாகப் பேசுவார்கள்: "அதெல்லாம் புதுப்பேட்டையில் கிடைக்கும் சார்." சில கிடைக்கும். பழைய வண்டிப் பொருள்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் பொறுமையோடு அலைந்தால் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, சுவிட்ச் போன்றவை அகப்படும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பொதுவான புஷ், பேரிங், ஹோஸ் வகைகள் கிடைக்கும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை அடுத்த ஃபெல்பாக்கில் மெர்சிடிஸ் நிறுவனமே பழைய கார்களுக்காக நடத்தும் கிளாசிக் மையம் இருக்கிறது, பல பொருள்களை இன்றும் தருகிறார்கள். ஆனால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் விலையோடு கூரியரும் சுங்க வரியும் சேரும். டேஷ்போர்டின் மரப்பட்டை, ஜன்னலோரக் குரோம், பம்பரின் ரப்பர் பட்டை, சக்கர மூடிகள், கருவிப்பெட்டி என்று பட்டியல் நீண்டால், ஒவ்வொன்றும் சிறியதாகத் தெரிந்து, சேர்த்துப் பார்க்கையில் காரின் விலையைத் தாண்டிவிடும். பழுதாக இருந்தாலும் எல்லாப் பொருளும் இருக்கும் காரை, பளபளப்பாக இருந்து பாதிப் பொருள் இல்லாத காரைவிட நான் மேலாக மதிப்பேன். சீட்டைப் பற்றி மட்டும் ஒரு நல்ல செய்தி: எம்பி-டெக்ஸ் என்று மெர்சிடிஸ் பெயரிட்ட செயற்கைத் தோல் உங்கள் காரில் இருந்தால், நாற்பது ஆண்டுத் தூசியைச் சோப்புநீரில் கழுவினாலே அது உயிர்பெற்றுவிடும். உண்மையான தோல் அந்த அளவு பொறுக்காது.

இரண்டு கார்களிலும் எண்களைப் படித்துப் பாருங்கள். பானட்டைத் திறந்தால் இன்ஜின் அறையின் பின்சுவரில் சேஸி எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் 123123 என்னும் ஆறு இலக்கங்கள் இருந்தால் அது பிறக்கும்போதே 240டி. 123130 என்றிருந்தால் 300டி. அந்த ஆறு இலக்கங்களுக்கு அடுத்த இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு தொழிற்சாலையை விட்டு வந்தது, 1 என்றால் இடப்பக்கம். இன்ஜின் எண் 616.912 என்று தொடங்க வேண்டும். இந்த மூன்றும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். இன்னும் எளிதான ஒரு சோதனை முகத்திலேயே இருக்கிறது. 1982 செப்டம்பருக்குப் பிறகு, அமெரிக்காவுக்கான கார்களைத் தவிர, இந்த வரிசையின் எல்லா மாடல்களுக்கும் செவ்வக முன்விளக்கே வந்தது. 1983 என்று சொல்லப்படும் காரில் இரட்டை வட்ட விளக்குகள் இருந்தால், வருடம் தவறாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்பக்கம் எப்போதோ மோதி வேறு காரின் முகம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது ஆவணம். பொள்ளாச்சிக் காரில் எனக்குக் கவலை தருவது இன்ஜினைவிட இதுதான். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எட்டு ஆண்டுகளாக நிற்கும் காருக்கு அது புதுப்பிக்கப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி 20 ஆண்டைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதியான நான்கு சக்கர வாகனத்துக்கோ 80,000 ரூபாய், வரி தனி. உங்கள் கார் இறக்குமதி என்று ஆர்சியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். காலம் கடந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இவற்றோடு பசுமை வரியும், தகுதிச் சோதனைக்கு ஆகும் செலவும் சேரும். ஆக, மூன்றரை லட்சத்துக்கு வாங்கும் காரைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவருவதற்கே ஒரு லட்சத்துக்கு மேல் ஆகலாம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்சியின் நகலோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குச் சென்று, கட்ட வேண்டிய மொத்தத் தொகையை விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்தத் தொகையை மகன்களிடம் காட்டிப் பேசினால் மூன்றரை லட்சம் கட்டாயம் இறங்கும்.

உரிமையாளர் இறந்துவிட்டதால் மகன்கள் நேராக உங்கள் பெயருக்கு எழுதித் தர முடியாது. முதலில் படிவம் 31-இன் வழியாக வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லையென்று கையெழுத்திட வேண்டும். அதன்பின் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் உங்களுக்கு விற்க வேண்டும். இறந்தவரின் கையெழுத்து முன்பே போட்டு வைத்த படிவம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருவோருக்கான சலுகையில் கார் வந்திருந்தால், சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி ஆவணம், வீட்டில் எங்காவது பழைய கோப்பில் இருக்கும். அதைத் தேடித் தரச் சொல்லுங்கள். தூதரகங்களுக்கு வரியில்லாமல் வந்து, வரி கட்டாமலேயே வெளியாருக்குக் கைமாறிய கார்களைச் சுங்க அதிகாரிகள் பல ஆண்டுகள் கழித்தும் பறிமுதல் செய்திருக்கிறார்கள். டெல்லிப் பதிவு கொண்ட சென்னை வண்டிக்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தும். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியை ஓட்டத் தடை இருப்பதால் பதிவு ரத்தாகியிருக்கவும் கூடும். டெல்லி அலுவலகம் தந்த தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, அசலாகக் கையில் இல்லாமல் தமிழ்நாட்டில் மறுபதிவு நடக்காது. "வாங்கியபிறகு எடுத்துத் தருகிறேன்" என்பதை நான் எந்தத் தரகரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை.

இன்ஜினை மாற்றியிருந்தால் அது ஆர்சியில் பதியப்பட்டிருக்க வேண்டும் என்பது இன்றைய தேவை. அதற்கு அப்பால் நெடுங்கால நோக்கில் ஒரு காரணமும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு நிறைந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து ஆண்டு, நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருப்பவற்றுக்கு மட்டுமே அந்தத் தகுதி. உங்கள் 1983 கார் 2033-இல் அந்த வாசலை எட்டும். 616.912 என்ற எண்ணோடு நிற்கிற மூல இன்ஜினை ஓட்ட முடியவில்லை என்று தூக்கிப் போடுவது, இன்னும் சில ஆண்டுகளில் வரப்போகும் அந்த மதிப்பையும் சேர்த்துத் தூக்கிப் போடுவதாகும்.

பொள்ளாச்சிக்குப் போகும் முன் மகன்களிடம் தொலைபேசியில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் வருவதற்குள் யாரும் பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. எட்டு ஆண்டு நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், இன்ஜெக்ஷன் பம்பின் உள்ளே பழைய டீசல் கோந்தாக இறுகியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பலத்தால் அதைச் சுற்றினால், ஓரிரு நாள் பொறுமையால் விடுபட்டிருக்க வேண்டியது உடைந்துபோகும். டீசல் பற்றுவதற்காகச் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் விட்டுவிட்டு, முன்புறம் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் உங்கள் பேரம் பாதி வென்றது. டீசல் டாங்கைக் காலி செய்து, அதன் அடியில் உள்ள வடிகட்டியைக் கழுவி, ஃபில்டர்களையும் ரப்பர் ஹோஸ்களையும் இன்ஜின் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் பேட்டரிக்கு வேலை. ஓடத் தொடங்கி, சூடேறிய பின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளவெடுக்கச் சொல்லுங்கள். அதன் அலகு பார். நல்ல நிலையில் 22 பாருக்கு மேல் காட்டும். 15 பாருக்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டர்களுக்கிடையே 3 பாருக்கு மேல் வேறுபட்டாலோ ஓவர்ஹால் தேவை. அப்படித் தேவைப்பட்டாலும், முன்பு சொன்னதுபோல், அது கோவையிலேயே முடிகிற வேலை.

ஓடுகிற சென்னை வண்டியில் செய்து பார்க்க வேண்டியது வேறு. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி, வாயின்மேல் சும்மா வைத்துப் பாருங்கள். மெல்ல ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. பிறகு சாவியை அணைத்துப் பாருங்கள். இந்தக் கார்களில் டீசல் இன்ஜினை நிறுத்துவதும், நான்கு கதவுகளின் பூட்டு ஒன்றாக விழுவதும் மின்சாரத்தால் நடப்பதில்லை. இன்ஜினின் முன்னால் உள்ள ஒரு பம்ப் உருவாக்கும் வெற்றிடம், மெல்லிய குழாய்கள் வழியாகக் கார் முழுவதும் ஓடி இவற்றைச் செய்கிறது. ஏதோ ஒரு கதவுக்குள் ஒரு சிறிய ரப்பர் கிழிந்தாலும், சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பானட்டைத் திறந்து ஸ்டாப் என்று எழுதிய நெம்புகோலை அழுத்தித்தான் அணைக்க வேண்டியிருக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மிரண்டதை நான் கண்டிருக்கிறேன். செலவு மிகக் குறைவு, ஆனால் எந்தக் குழாயில் ஓட்டை என்று தேடுவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும்.

பிரேக், டயர் இரண்டையும் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க், எட்டு ஆண்டு நின்றதில் காலிப்பர்கள் இறுகியிருக்கும், எல்லாவற்றையும் பிரித்து ரப்பர் மாற்ற வேண்டும். டயரில் கட்டை எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 1214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். அதை வண்டியைப் பட்டறைக்கு நகர்த்துவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

வேலையைத் தொடங்கும்போது பலரும் செய்யும் தவறு, முதல் மாதத்திலேயே பெயின்ட்டுக்கு அனுப்புவது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றைச் சரிசெய்து, பழைய பெயின்ட்டோடேயே ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு டிங்கரிங்குக்குப் பிரியுங்கள். கழற்றும் ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பொட்டலத்தில் பெயரெழுதி, பட்டறையில் விடாமல் உங்கள் வீட்டில் வையுங்கள். டிங்கருக்கு மொத்தமாகப் பணம் தராமல், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பட்டி பூசுவதற்கு முன் வெறும் தகட்டைப் பார்த்துவிட்டுத் தர வேண்டும். காலம் என்று கேட்டால், வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் கவனிப்பவருக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாது. பணம் என்று கேட்டால், வாங்கும் விலையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் தொடங்கவே வேண்டாம் என்பது என் கணிப்பு. விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தாலும் வேண்டாம்.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேட்டையில் இறங்கியவர்களின் கண் விரைவில் வேறு கார்களின்மேலும் போகும். ஜாகுவார் எக்ஸ்ஜே6 பார்க்க இதைவிட அழகு, ஆனால் முதல் திட்டமாக எடுத்தால் பொருளுக்கும் மின்சாரக் கோளாறுக்குமே ஆண்டுகள் போகும். ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோவில் பிரேக்குக்கும் உயரத்தைச் சமன்செய்யும் அமைப்புக்கும் சிட்ரோயனிடம் உரிமம் பெற்ற உயரழுத்த ஹைட்ராலிக் முறை இருக்கிறது. அதைத் தொட்டுப் பழகிய கை நம் பக்கத்தில் அரிது. 1995 முதல் புனேயில் தயாரான டபிள்யூ124 வகை இ220 மலிவாகக் கிடைக்கும், ஓட்டவும் இன்பம். ஆனால் 1993-95 வாக்கில் வந்த அந்த வகை இன்ஜின்களின் வயரிங்கில் உறை பொடியாக உதிரும் குறை உலகமறிந்தது. இன்ஜின் வயரிங் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இந்தச் சனிக்கிழமை பொள்ளாச்சிக்குப் போகும்போது ஒரு டார்ச், காந்தம், ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரிக்க ஒரு பழைய பாய் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மெக்கானிக்கை அழைத்துப்போவதைவிட, முடிந்தால், நல்ல டிங்கர் ஒருவரை அழைத்துப் போங்கள். ஜாக்கித் துளைகள் கணீரென்று கேட்டு, விரிப்புக்கு அடியில் உலர்ந்த தகடு இருந்து, எண்கள் மூன்றும் ஆர்சியோடு ஒத்துப்போனால், இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஆர்டிஓ கணக்கை மட்டும் எடுத்து வைத்து விலை பேசுங்கள். முன்பணம் கொடுப்பதை மட்டும், படிவம் 31-இல் எல்லா வாரிசுகளின் ஒப்புதலும் கிடைத்து, ஒரு மகனின் பெயரில் ஆர்சி மாறி வரும் நாள்வரை தள்ளி வையுங்கள். எட்டு ஆண்டு நின்ற காரை அதற்குள் வேறு யாரும் ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது.